துண்டுக்குள் இருந்த விலை வெளியே வந்த வழி: போடி ஏலக்காய் வியாபாரக் குடும்பம் ஒன்றின் வாட்ஸ்அப் கசிவு – நிகழ்வு ஆய்வு

சம்பந்தப்பட்டவர்களின் பெயர், கடை, லாட் (ஏலத்துக்கு ஒன்றாக வைக்கப்படும் காய்க் குவியல்) எண்கள் இங்கே தவிர்க்கப்பட்டிருக்கின்றன. விலைகள் சற்று மாற்றப்பட்டுள்ளன. அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் மாறவில்லை.

பின்னணி

போடிநாயக்கனூரில் மூன்று தலைமுறையாக ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பம். மலை மேலே சாந்தன்பாறைப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு என்றாலும் வருமானத்தின் பெரும்பங்கு கமிஷன் கொள்முதலில் வருகிறது. கான்பூர், டெல்லி வியாபாரிகள் சொல்லும் விலைக்குள் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் காய் எடுத்து, ரகம் பிரித்து, மூட்டை கட்டி லாரி ஏற்றிவிடுவது வேலை. கீழே போடி ஏல மையத்தில் மூத்த மகன் உட்காருவார். மேலே கேரளத்துப் புற்றடிக்கு அப்பா போவார். கம்பம் போய், கம்பமெட்டு ஏறி, எல்லை தாண்டி. கணக்கும் பில்லும் மருமகள் பொறுப்பு. இளைய மகன் கோவையில் வேலை பார்க்கிறார்.

இந்தத் தொழிலில் மறைக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: லிமிட். 'இந்த லாட்டை இதற்கு மேல் எடுக்காதே' என்று வாங்குபவர் சொல்லும் உச்ச விலை அது. காலையில் சாம்பிளைப் பார்த்து லிட்டர் எடை (ஒரு லிட்டர் அளவுக் காயின் கனம்), நிறம், பிளந்த காய், 8 மி.மீட்டருக்கு மேல் எவ்வளவு தேறும் என்று படத்தோடு வாட்ஸ்அப் குழுவில் போட்டால், கான்பூரிலிருந்து லாட் எண்ணுக்கு நேரே ஒரு தொகை வரும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தொகை தெரிந்துவிட்டால் கதை முடிந்தது. லிமிட்டுக்கு இரண்டு ரூபாய் குறைவு வரை ஏற்றிவிட்டு அவர் கையை எடுத்துக்கொள்ளலாம். கமிஷன்காரர் உச்ச விலை கொடுத்துத்தான் காயைத் தூக்க வேண்டும்.

குழுவின் பெயர் 'நாளை லாட்'. அப்பா, மூத்தவர், மருமகள், கான்பூர் சேட்டின் ஆள் என்று நான்கு பேர். வேறு யாரும் இல்லை.

முதலில் கண்ணில் பட்டது

2025 புரட்டாசி இரண்டாம் வாரம். மருமகள் கணக்குத் தாளில் வழக்கமாக லிமிட்டும் முடிந்த விலையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் இருக்கும். அதுவரை இரண்டுக்கும் இடையில் முப்பது நாற்பது ரூபாயாவது இடைவெளி இருந்தது. இந்த முறை (கிலோவுக்கு, ரூபாயில்) இப்படி இருந்தது: 2,640க்கு 2,639. 2,585க்கு 2,583. 2,710க்கு 2,710. இரண்டு வாரத்தில் எடுத்த 14 லாட்டில் 9 லாட் லிமிட்டுக்கு மூன்று ரூபாய்க்குள் முடிந்திருந்தன. ஏற்றிவிட்டவர் ஒவ்வொரு முறையும் ஒரே ஆள்.

ஒரு லாட்டில் நடந்தால் தற்செயல். ஒன்பதில் நடந்ததைத் தற்செயல் என்று தள்ள முடியாது. இந்தத் தாள் இல்லாமல் போயிருந்தால், 'இந்த சீசன் மார்க்கெட்டே ஏறிப்போச்சு' என்று சொல்லிச் சீசனை முடித்திருப்பார்கள்.

சந்தேகம் போன திசை

அப்பா உடனே தீர்ப்புச் சொன்னார்: "வாட்ஸாப்காரன் ஒட்டுக் கேட்டு விக்கிறான்ப்பா." அவர் கையில் இரண்டு ஆதாரம் இருந்தது. ஒன்று, போடிமெட்டு ஏறும்போது ஜீப்பில் நிறம் பிரிக்கும் மெஷின் வாங்குவதைப் பற்றி மகனோடு பேசினார். அன்று ராத்திரியே ஃபேஸ்புக்கில் அந்த மெஷின் விளம்பரம் வந்துவிட்டது. இரண்டு, எல்லை தாண்டிய மறு நிமிடமே 'கேரளத்துக்கு நல்வரவு' என்று செய்தி வருகிறது. "நான் எங்க போறேன்னு அவனுக்குத் தெரியுது. என்ன வெலைன்னு தெரியாதா?"

இரண்டாவதில் ரகசியம் ஒன்றும் இல்லை. போன் எந்தக் கோபுரத்தோடு பேசுகிறது என்பது சிம் நிறுவனத்துக்குத் தெரியாவிட்டால் அழைப்பே வராது. வேறு மாநில வட்டத்துக் கோபுரத்தைப் பிடித்ததும் தானாகச் செய்தி போகிறது. ஆனால் அப்பாவின் சங்கடத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. யார் யாரை எப்போது அழைத்தார் என்ற பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு உரிம விதி திருத்தப்பட்டது. அந்தப் பதிவில் பேச்சு இருக்காது, பேசியவர்கள் இருப்பார்கள்.

மெஷின் விளம்பரத்தை உதவிக்கு வந்தவர் (இளைய மகனின் நண்பர், தேனியில் கணினிப் பாதுகாப்பு வேலை பார்ப்பவர்) பிறகு திறந்து பார்த்தார். விளம்பரத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் 'இந்த விளம்பரம் ஏன் வருகிறது' என்று ஒரு வரி இருக்கும். அங்கே, விளம்பரதாரர் தாமே ஏற்றிய பட்டியலில் இந்தக் கணக்கு இருப்பதாகப் போட்டிருந்தது. முந்தைய மாதம் ஒரு விவசாயக் கண்காட்சியில் அந்த மெஷின் கடையில் அப்பா போன் நம்பர் எழுதிக் கொடுத்திருந்தார். விற்பவர் தன் வாடிக்கையாளர் நம்பர்களை மொத்தமாக ஏற்றினால், அந்த நம்பரில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு விளம்பரம் போகும். ஜீப்பில் பேசாமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும்.

போன் எப்போதும் ஒட்டுக் கேட்கிறதா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. 2018இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். திருட்டுத்தனமாக ஒலியைப் பதிந்து அனுப்பிய செயலி ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் சில செயலிகள் திரையில் நடப்பதைப் படம் பிடித்து வெளியே அனுப்பியது தெரிந்தது. மறுபக்கம், குரல் உதவியாளர் தவறுதலாக விழித்துக்கொண்டு பதிந்த பேச்சுகள் குறித்த வழக்கில் ஆப்பிள் நிறுவனம், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 2025 ஜனவரியில் 9.5 கோடி டாலர் தர இணங்கியது. ஆக அப்பாவின் பயம் வெறும் பிரமை அல்ல. இந்த லிமிட் போன வழி மட்டும் அது இல்லை.

டெலிகிராமில் ஒன்பது நாள்

இளைய மகன் கோவையிலிருந்து போனில் யோசனை சொன்னார்: எல்லோரும் டெலிகிராமுக்கு மாறிவிடுங்கள். அதோடு அப்பாவுக்குப் புது போன், புது சிம். 19,000 ரூபாய் செலவு. சிம் விஷயம் மறுநாளே சிக்கலானது. பழைய நம்பரில்தான் வங்கி, ஜி.எஸ்.டி., ஏல மையம் எல்லாம் இருந்தன; ஆகவே பழைய சிம்மையும் வாட்ஸ்அப்பையும் பழைய போனிலேயே ஓடவிட்டார்கள். கான்பூர் ஆள் டெலிகிராமுக்கு வரவில்லை. அவர் லிமிட்டை வாட்ஸ்அப்பிலேயே போட, அதைப் பார்த்து மருமகள் டெலிகிராமில் மறுபடி தட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்பது நாள் கசிவே இல்லை. 'பாத்தியா, வாட்ஸாப்தான்' என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அந்த ஒன்பது நாளும் தீபாவளியை ஒட்டியவை; அக்டோபர் 20 பண்டிகை. வடக்கே வாங்குபவர்கள் சரக்கு அனுப்பி முடித்துக் கொள்முதலை நிறுத்தியிருந்தார்கள். கான்பூரிலிருந்து அந்த நாட்களில் வந்த லிமிட்டே மொத்தம் இரண்டு. கசிய ஒன்றும் இருக்கவில்லை. பத்தாம் நாள் கொள்முதல் சூடு பிடித்ததும் பழையபடி 2,660க்கு 2,658.

டெலிகிராமைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த மயக்கம் பரவலாக இருக்கிறது. அதன் சாதாரண உரையாடலும் குழுவும் இரு முனைக் குறியாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டு) உள்ளவை அல்ல. அனுப்பும் செய்தி டெலிகிராம் நிறுவனத்தின் கணினியில் அவர்களால் திறக்கக்கூடிய நிலையில் இருக்கிறது. தனியாகத் தொடங்க வேண்டிய 'ரகசிய உரையாடல்' ஒன்றுதான் இரு முனையும் பூட்டியது; அதைக் குழுவில் போட முடியாது. வாட்ஸ்அப்பிலோ 2016 ஏப்ரலிலிருந்து தனிச் செய்தி, குழு, அழைப்பு எல்லாமே 'சிக்னல்' என்ற குறியாக்க நெறிமுறையில் பூட்டப்பட்டே போகின்றன. நிறுவனத்தைப் பார்த்துப் பயந்து, நிறுவனம் படிக்க முடியாத இடத்திலிருந்து படிக்கக்கூடிய இடத்துக்குக் குடிபோயிருந்தார்கள்.

பொறி

உதவிக்கு வந்தவர் முதலில் போனைத் தொடவில்லை. எந்த வழியில் கசிகிறது என்று தெரியாமல் எதையும் அழிக்க வேண்டாம் என்றார். தங்களுக்குத் தேவைப்படாத லாட்களுக்குப் பொய் லிமிட் அனுப்பி, எந்தப் பொய் ஏல மையத்தில் முளைக்கிறது என்று பார்ப்பது திட்டம். மூன்று ஏல நாள், நாளுக்கு நான்கு லாட்.

முதல் லாட்டின் லிமிட் வாட்ஸ்அப் குழுவில் எழுத்தாக. இரண்டாவது வாட்ஸ்அப் அழைப்பில் வாயால். மூன்றாவது சாதாரண போன் அழைப்பில். நான்காவதை யாருக்கும் அனுப்பாமல், மூன்று போனையும் சீட்டில் பரப்பி வைத்துக்கொண்டு ஜீப்பில் சத்தமாகப் பேசுவது. இது அப்பாவின் சந்தேகத்துக்காகவே சேர்த்தது. அதைச் சேர்க்காவிட்டால் முடிவை அவர் ஏற்றிருக்க மாட்டார். பொய் லிமிட்கள் அந்த லாட் வழக்கமாகப் போகும் விலையைவிட அறுபது எழுபது ரூபாய் கூடுதலாக வைக்கப்பட்டன. அப்போதுதான் ஏற்றம் இயல்பானதா, தகவல் தெரிந்து செய்ததா என்று பிரித்துப் பார்க்க முடியும். கான்பூர் ஆளுக்கு மட்டும் முன்பே போனில் சொல்லி வைத்தார்கள்.

மூன்று நாளும் எழுத்தில் போன லாட் மட்டுமே ஏறியது. வாயால் சொன்னது எதுவும் அசையவில்லை. மூத்தவர் எழுத்து லாட்களில் கொஞ்சம் தூரம் கூடப் போய்விட்டு நிறுத்திக்கொண்டதால் இரண்டு லாட் எதிராளி தலையிலேயே விழுந்தன. அவற்றை அனுப்பிய தோட்டக்காரர்களுக்கு அன்று நல்ல விலை. யாருக்கோ நன்மை நடந்தது.

அடுத்த சுற்றில் குழுவை விட்டுவிட்டு, மூன்று பேருக்கும் தனித்தனியே வெவ்வேறு லாட்டின் லிமிட் எழுத்தில் போனது. மூத்தவருக்கு அனுப்பியது ஏறவில்லை. மருமகளுக்கு அனுப்பியதும் இல்லை. அப்பாவுக்குப் போனது ஏறியது. மறுநாள் திரும்பச் செய்தபோதும் அதேதான்.

இந்த இடத்தில் விஷயம் தெளிவாகிவிட்டது. நிறுவனமே படித்து விற்றால் மூன்று பேருடையதும் வெளியே போக வேண்டும். நடுவழியில் ஒருவர் பூட்டை உடைத்தாலும் அப்படித்தான். ஒருவருடையது மட்டும் போகிறது என்றால் ஓட்டை அந்த ஒருவரின் கணக்கில் இருக்கிறது.

மூன்றாவது வரி

அப்பாவின் பழைய போனில் வாட்ஸ்அப் அமைப்புக்குள் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' திறக்கப்பட்டது. மூன்று வரி இருந்தன. அலுவலகக் கணினி. மருமகளின் மடிக்கணினி. மூன்றாவதும் விண்டோஸ், குரோம். கடைசியாக இயங்கியது இன்று காலை 9.52. அந்த நேரத்தில் அலுவலகக் கணினியும் மடிக்கணினியும் திறக்கப்படவே இல்லை.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நினைவுபடுத்திக்கொண்டார். ஆடி மாதம், மேலே எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பிரிண்ட் கடை. இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோகும் சீட்டு) இன்வாய்ஸும் அவசரமாக எடுக்க வேண்டும். கடையில் இருந்த பையன், "சேட்டா, போன் தா" என்று வாங்கி, கணினித் திரையில் இருந்த சதுரக் கட்டத்தை (க்யூ.ஆர். குறி) ஸ்கேன் செய்தான். விரல் ரேகை கேட்டது. பெருவிரலை வைத்தது அப்பாவேதான். பிரிண்ட் வந்தது, 40 ரூபாய் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

பலர் நினைப்பதுபோல் அந்த ஸ்கேன் ஒரு கோப்பை அனுப்பும் வேலை மட்டும் அல்ல. அந்தக் கணினி கணக்கின் இன்னொரு முனையாகிவிடுகிறது. அண்மைய உரையாடல்களின் பிரதி அதற்குப் போகிறது. இனி வருவதெல்லாம் அதற்கும் தனியாகப் பூட்டி அனுப்பப்படுகிறது. 2021க்குப் பிறகு போன் அணைந்திருந்தாலும் அது ஓடும். மூலப் போனை 14 நாள் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் இணைப்பு அறுந்துவிடும் என்பது விதி, ஆனால் தினமும் வாட்ஸ்அப் பார்க்கும் ஒருவருக்கு அது ஒருநாளும் அறாது. இப்படி நான்கு சாதனம் வரை இணைக்கலாம்.

குறியாக்கம் தன் வேலையைப் பிசகில்லாமல் செய்தது. பூட்டிய பெட்டி, சாவி வைத்திருந்த எல்லா முனைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு சாவி பிரிண்ட் கடையில் கிடந்தது.

அந்தக் கடைக்கு ஏலத்துக்கு வரும் பலரும் போவார்கள். திரை வாடிக்கையாளர் பக்கம் பார்த்து இருக்கும். குரோமில் அறிவிப்பு அனுமதித்திருந்தால் செய்தி வரும்போது மூலையில் நான்கைந்து விநாடி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்; லாட் எண்ணும் லிமிட்டும் ஒரே வரியில் வந்தால் அதுவே போதும். ஆகவே கடைக்காரர் விற்றாரா, பையன் சொன்னானா, பக்கத்தில் நின்றவர் படித்தாரா என்பது தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் குடும்பமே கெடுத்துக்கொண்டது: விடுமுறைக்கு வந்திருந்த இளைய மகன், மூன்றாவது வரியைப் பார்த்த வேகத்தில் 'வெளியேறு' அழுத்திவிட்டார். வரி மறைந்தது. சாதன வகையும் 9.52 என்ற நேரமும் அதோடு போயின. இன்னொரு போனால் ஒரு படம் எடுக்க ஐந்து விநாடி ஆகியிருக்கும்.

தேடும்போது சிக்கிய மற்றவை

அப்பாவின் கூகுள் கணக்கைப் போன் வாங்கிய கடைப் பையன் ஆரம்பித்துக் கொடுத்திருந்தான். மீட்பு நம்பராகக் கடை நம்பர் இருந்தது. லாட் தாள்களை அப்பா படம் எடுப்பார், அவை தானாக கூகுள் போட்டோஸில் ஏறும். அந்தக் கணக்கைத் திறக்க முடிந்த யாருக்கும் வாட்ஸ்அப் தேவையே இல்லை. யாரும் திறந்ததற்கான தடயம் இல்லை. மூத்தவரின் போனில் ஓர் அழைப்புப் பதிவுச் செயலி, 'அணுகல்தன்மை' அனுமதியோடு உட்கார்ந்திருந்தது. அந்த அனுமதி உள்ள செயலி திரையில் தெரியும் எழுத்தையெல்லாம் படிக்கலாம். நீக்கப்பட்டது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

புகார் கொடுக்கலாமா என்பது இரண்டு நாள் பேச்சு. அனுமதியில்லாமல் ஒருவரின் கணினித் தகவலை எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66ஆம் பிரிவுகளில் வரும். மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். கடை கேரளத்தில், குடும்பம் தமிழ்நாட்டில் என்பது தடையில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். ஆனால் கையில் இருந்தது கணக்குத் தாளும் பொறியின் முடிவும் மட்டுமே. அழிந்த வரி இல்லாமல் கடைக் கணினியைக் கைகாட்ட முடியாது. அதோடு விரல் வைத்து அனுமதித்தது தாமே என்பதை அப்பா எங்கேயும் மறைக்கத் தயாரில்லை. புகார் வேண்டாம் என்று விட்டார்கள். சான்று இருந்திருந்தாலும் நாளைக்கு அதே ஆட்களோடு அதே ஹாலில் உட்கார வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

கணக்குகளில் செய்த வேலை ஒரு மாலையில் முடிந்தது. எல்லோருடைய போனிலும் இணைந்த சாதனங்கள் வெளியேற்றப்பட்டன. இந்த முறை ஒவ்வொன்றையும் படம் எடுத்த பிறகு. 'இரண்டடுக்குச் சரிபார்ப்பு' போட்டு ஆறு இலக்க எண் வைத்தார்கள், மறந்தால் மீட்க ஈமெயிலும் சேர்த்தார்கள். இது ஓ.டி.பி. ஏமாற்றி வாங்கி நம்பரை வேறு போனில் பதியும் திருட்டைத் தடுக்கும். இணைந்த சாதனத்தை இது தடுக்காது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அப்பாவின் கூகுள் கணக்கில் மீட்பு நம்பரையும் கடவுச்சொல்லையும் மாற்றினார்கள். குழுவில் 'மேம்பட்ட அரட்டைத் தனியுரிமை' இயக்கப்பட்டது: உரையாடலை ஏற்றுமதி செய்ய விடாது, படங்கள் தானாகப் போனின் கேலரியில் இறங்காது. திரையைப் படம் எடுப்பதை அது நிறுத்தாது.

காப்புப் பிரதியில்தான் தடுமாறினார்கள். வாட்ஸ்அப் செய்தி வழியில் பூட்டியிருந்தாலும் கூகுள் டிரைவில் ஏறும் பிரதிக்கு அந்தப் பூட்டு தானாக வராது. 2021 அக்டோபரில் வந்த 'இரு முனைக் குறியாக்கப் பிரதி' வசதியை நாமே இயக்க வேண்டும். அதற்குக் கடவுச்சொல்லோ 64 இலக்க விசையோ வைக்கலாம். மூத்தவர் விசையைத் தேர்ந்து இரண்டு தாளில் எழுதி, ஒன்றைப் பீரோவிலும் ஒன்றை மாமனார் வீட்டிலும் வைத்தார். அப்பா கடவுச்சொல் வைத்தார். தாளில் எழுதவில்லை.

லிமிட் எப்படிப் போக வேண்டும் என்பது கடைசிக் கேள்வி. சிக்னல் செயலி யோசனையில் இருந்தது. குறியாக்கத்தில் அது வாட்ஸ்அப்பைவிடப் பெரிதாக மேல் இல்லை, அடிப்படை ஒன்றேதான். நிறுவனத்திடம் தங்கும் விவரம்தான் வித்தியாசம். வாட்ஸ்அப்புக்கு யார் யாரோடு எப்போது பேசுகிறார், எந்தெந்தக் குழு, போனில் யார் நம்பரெல்லாம் இருக்கிறது என்பது தெரியும். ஒரு செய்தியை யாராவது 'புகார்' செய்தால் கடைசி ஐந்து செய்தி நிறுவனத்துக்குப் போகும். சிக்னலை 2016இல் அமெரிக்க நடுவர் குழு ஒன்று கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிரத் தர அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. வாட்ஸ்அப்பின் 2021 கொள்கை மாற்றத்துக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்ததும் செய்தியைச் சுற்றியுள்ள இத்தகைய விவரங்களைப் பகிர்வது பற்றித்தான், செய்திகளைப் படித்ததற்காக அல்ல.

கான்பூர் ஆள் சிக்னலுக்கும் வரவில்லை. அவருக்கு நூறு கமிஷன்காரர்கள். ஒருவருக்காக ஒரு செயலி வைக்க மாட்டார். எனவே லிமிட் எழுத்திலேயே போகக் கூடாது என்று முடிவானது. ஏலத்துக்கு அரை மணி முன்பு வாட்ஸ்அப் அழைப்பில் சேட்டின் ஆள் சொல்வார். கேட்பவர் பையில் உள்ள சிறு நோட்டில் எழுத்துக் குறியாக எழுதிக்கொள்வார். ஒரே எழுத்து இருமுறை வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றை எடுத்து, 1 முதல் 0 வரை எழுத்துக்கு ஓர் எண் வைப்பது அந்தக் குறி. அப்பாவின் அப்பா சாக்கின் மேல் இப்படித்தான் எழுதினாராம். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிய ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நேரம் ஆகவில்லை. வீட்டு ஆட்களுக்குள் மட்டும் சிக்னல், செய்தி ஒரு நாளில் மறையும் அமைப்போடு.

பின்விளைவு

கசிவு அன்றோடு நின்றது. கார்த்திகையில் எடுத்த லாட்களில் லிமிட்டுக்கும் முடிந்த விலைக்கும் இடையில் சராசரியாக முப்பது ரூபாய்க்கு மேல் இடைவெளி திரும்பியது. இந்த முறை வடக்கே கொள்முதல் நடந்துகொண்டிருந்த நாட்கள் என்பதால் தீபாவளி மயக்கம் இல்லை. அதே எதிராளி இப்போதும் ஏற்றுகிறார், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஏற்றுகிறார்.

ஒரு நஷ்டம் உண்டு. மார்கழியில் தோட்டத்து ஓடையில் அப்பாவின் பழைய போன் விழுந்து செத்தது. புதுப் போனில் பழைய நம்பரைப் பதிந்தபோது பிரதியின் கடவுச்சொல் கேட்டது. அவருக்கு நினைவில்லை. போன் உயிரோடு இருந்தால் செயலிக்குள் போய் மாற்றியிருக்கலாம். போனும் போய், கடவுச்சொல்லும் போனால் வாட்ஸ்அப்பாலும் திறக்க முடியாது. இரண்டு வருட உரையாடல், அதில் இருந்த பில் படங்கள், தோட்ட மேஸ்திரியின் குரல் பதிவுகள் எல்லாம் போயின. பில்களை மருமகள் மறுபடி சேகரிக்க மூன்று வாரம் ஆனது. பூட்டு நன்றாக வேலை செய்ததற்கான கூலி இது என்று சொல்லலாம், ஆனால் கூலி கொடுத்தது மருமகள்.

போன் மாறியதும் மற்றவர்களுக்கு 'பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது' என்று செய்தி வந்தது, வீடு மறுபடி அரண்டது. புதுப் போன் என்றால் அது வரும், பயப்பட வேண்டாம். காரணம் இல்லாமல் வந்தால்தான் நேரில் சந்தித்து இரண்டு போனிலும் 60 இலக்க எண்ணை ஒப்பிட வேண்டும்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதல் நாளே வீட்டுப் போன்கள் எல்லாவற்றிலும் இணைந்த சாதனங்களைப் பார்த்திருந்தால் 19,000 ரூபாயும் ஒரு மாதமும் மிஞ்சியிருக்கும். பொறி அழகான வேலைதான், ஆனால் பொறிக்கு முன்னால் இரண்டு நிமிடச் சோதனை இருந்தது. இந்தக் குறை உதவிக்கு வந்தவருக்கும் பொருந்தும்: அழிக்காமல் பார்க்க மட்டும் செய்திருக்கலாம்.

பார்த்ததும் படம், பிறகு வெளியேற்றம். வரிசை மாறினால் சான்று போய்விடும்.

பிரிண்ட் கடைக்கு இப்போது மேலே போவதில்லை. 13,000 ரூபாய்க்கு ஒரு மை நிரப்பும் பிரிண்டர் வாங்கி ஸ்டோரில் வைத்திருக்கிறார்கள், போனிலிருந்தே வைஃபையில் எடுக்கலாம். அவசரத்துக்குக் கடைக்குப் போனால் அந்த ஒரு பி.டி.எஃப்.ஐக் கடையின் நம்பருக்கு அனுப்பலாம். அந்தத் தாள் கடையில் தங்கும், கணக்கு தங்காது. போனைக் கையில் கொடுப்பதில்லை, சதுரக் கட்டத்துக்கு நேரே விரல் வைப்பதில்லை.

மறைக்க வேண்டியதற்கும் தொலையக் கூடாததற்கும் ஒரே இடம் சரியல்ல. பில்கள் இப்போது தனியாக அலுவலகக் கணினியில், வாரம் ஒருமுறை வெளி டிஸ்கில். அப்பாவின் புதிய பிரதிக்கு விசை, மருமகள் கையெழுத்தில், பீரோவில்.

மாதம் முதல் தேதி மருமகள் வீட்டுப் போன்கள் எல்லாவற்றிலும் இணைந்த சாதனங்களைப் பார்த்துக் கணக்குத் தாளின் ஓரத்தில் குறிக்கிறார். கான்பூர் ஆளின் போனில் எத்தனை வரி இருக்கிறது என்று இரண்டு முறை கேட்டாயிற்று. இன்னும் பதில் வரவில்லை.